மச்சினனுக்குச் சொல்லாத பதினோராவது விதி

அந்தச் சனிக்கிழமை ஒரு நாளாவது மனிதனாக வாழ்வது என்று முடிவு செய்தேன். மற்ற நாளெல்லாம் நான் வெரோனாவின் கணவன். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை மேசையில் புள்ளிக்கட்டை அடுக்கி ஆடுகிற எங்கள் பேட்டை டோமினோக் குழுவுக்கு இறுதி ஆட்டம். பதினோரு வருஷமாக இறுதி ஆட்டம் வரை போய், தோற்றுத் திரும்புகிற குழு. இந்தத் தடவை கோப்பை எங்களுக்குத்தான் என்று ஓமெட்டாவின் ரம் கடையில் பூனைகூடப் பேசிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை வெரோனா குண்டைப் போட்டாள்.

"என் தம்பி டார்சி வெள்ளிக்கிழமை டொராண்டோவிலேர்ந்து வரான். மூணு வாரம் இருப்பான்."

"வரட்டும், சந்தோஷம்."

"சனிக்கிழமை நீ அவனைக் கார்ல கூட்டிட்டுப் போய் சொந்தக்காரங்களையெல்லாம் காட்டணும்."

"எல்லாரையுமா?"

"பதினேழு வீடுதான்."

"சனிக்கிழமை நான்..." என்று இழுத்தேன்.

"நீ என்ன, கிட்டன்ஸ்?"

எல்ரிக் கிட்டன்ஸ் என்பது என் முழுப்பெயர். அவள் 'எல்ரிக்' என்றால் வானம் தெளிவு. 'கிட்டன்ஸ்' என்றால் புயல் எச்சரிக்கை. ஜன்னலுக்குப் பலகை அடிக்க வேண்டியதுதான்.

"ஒண்ணுமில்லை" என்றேன்.

"அவன் பத்து வயசுல பார்படாஸை விட்டுப் போனவன். இங்க எதுவும் தெரியாது. எப்படி நடந்துக்கணும், என்னென்ன செய்யணும்னு ஒரு தாள்ல எழுதிக் கொடு, படம் பிடிச்சு அனுப்பறேன். நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா?"

எழுதினேன். தற்பெருமை இல்லை, அப்படி ஒரு பட்டியல் இந்தத் தீவில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கடையோ பஸ்ஸோ, உள்ளே காலை வைத்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொல். சொல்லாதவன் கேட்கிற சாமான், கடையில் இருந்தாலும் இருக்காது. கார் ஓட்டுவதானால் முதலில் வெளிநாட்டாருக்கான அனுமதிச் சீட்டு வாங்கு, பிறகு இடது பக்கமாக ஓட்டு. மஞ்சள் மிளகாய்ச் சாற்றை ஒரு துளி விட்டுப் பார், உயிரோடிருந்தால் இரண்டாவது துளி. நீச்சல் உடுப்பு கடலுக்கு மட்டும். அதோடு தெருவில் நடந்தால் சர்ச்சுக்குப் போகிற பெண்கள் திட்டியே தோலை உரித்துவிடுவார்கள். கடற்கரையில் மஞ்சினீல் மரத்தடியில் மழைக்கு ஒதுங்காதே, சொட்டுகிற தண்ணீர் பட்டால் தோல் வெந்துபோகும். அந்த மரத்தின் பெயரில் முக்கால்வாசி மச்சினன் இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இப்படிப் பத்து விதி. பதினோராவதை எழுதவில்லை.

பட்டாளத்துக்காரர்கள் போடுகிற பச்சைத் திட்டுத் துணியை இங்கே வேறு யாரும் போடக்கூடாது என்பது சட்டம். கைக்குழந்தைக்குக்கூட விலக்கில்லை. டார்சியோ மான் வேட்டைக்காரன். அவன் அனுப்புகிற படங்களில் சட்டை பச்சைத் திட்டு, கால்சட்டை பச்சைத் திட்டு, கல்யாணப் படத்தில் டைகூடப் பச்சைத் திட்டு. பெட்டி முழுக்க அதைத்தான் கொண்டு வருவான். விமான நிலையத்தில் மொத்தமாகப் பிடுங்கிக்கொள்வார்கள். உடுக்கத் துணியில்லாதவன் பதினேழு வீட்டுக்கு எப்படிப் போவான்? அவன் வீட்டில் துண்டோடு கிடப்பான், நான் டோமினோ ஆடுவேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை பாருங்கள். என் மூளையை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

வெரோனா தாளை இரண்டு தரம் படித்தாள்.

"வேற ஒண்ணும் விட்டுப்போகலையே?"

"ஒண்ணும் இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லு, எல்ரிக்."

எல்ரிக் என்றாளா, நானும் வானம் தெளிவு என்று நம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டார்சி சாம்பல் நிறச் சட்டையும் நீலக் கால்சட்டையுமாக, இரண்டு பெரிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். போலீஸ்காரருக்கு வணக்கம், பெருக்குகிற அம்மாவுக்கு வணக்கம், டாக்சிக்காரர்கள் வரிசைக்கே மொத்தமாக ஒரு வணக்கம். எல்லோரும் பல் தெரிய பதில் சொன்னார்கள். ஒருவரும் அவனிடமிருந்து எதையும் பிடுங்கினதாகத் தெரியவில்லை.

வீட்டில் பெட்டிகளைத் திறந்தான். படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை, வாணலி, மாவு பிசையும் இயந்திரம். ஒரு கைக்குட்டைகூட இல்லை.

"உன் உடுப்பெல்லாம் எங்கே தம்பி?" என்றேன், குரலில் கவலையை வரவழைத்துக்கொண்டு.

"அக்கா போன் பண்ணிச்சு அத்தான். பச்சைத் திட்டு கொண்டாந்தா பிடுங்கிடுவாங்கன்னுச்சு. என்கிட்ட வேற துணி ஏது? 'ஒண்ணும் கொண்டு வராதே, உன் அளவும் அத்தான் அளவும் ஒண்ணுதான், பெட்டியில எனக்குச் சாமான் போட்டுட்டு வா'ன்னுச்சு. இந்தச் சட்டைகூட இரவல்."

வெரோனா வாணலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சே, எல்ரிக். வயசாகுதில்ல, மறதி. நானே சொல்லிட்டேன்."

சனிக்கிழமை காலை குளித்துவிட்டுத் துண்டோடு வந்து அலமாரியைத் திறந்தேன். காலி. என் மஞ்சள் குழுச் சட்டையும் நல்ல கால்சட்டையும் டார்சி மேல் இருந்தன. மிச்சமெல்லாம், ராத்திரி நான் போட்டுத் தூங்கினது உட்பட, சோப்புத் தண்ணீரில்.

"எல்லாத்தையுமா ஊறவெச்சே?"

"விருந்தாளி போடறது. சுத்தமா இருக்க வேண்டாமா?"

"எனக்கு?"

நீச்சல் உடுப்பை நீட்டினாள்.

"இதோட எப்படித் தெருவில போறது?"

"போகக் கூடாதுன்னு நீதானே எழுதியிருக்க."

"அப்ப பதினேழு வீடு?"

"எல்லாரும் நாளைக்கு சர்ச்சுக்கு வராங்க, ஒரே இடத்துல பார்த்துக்கலாம். இறுதி ஆட்டம் இருக்கு வெரோனான்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே இதைச் சொல்லியிருப்பேன். அதை விட்டுட்டு என் தம்பியை அம்மணமா நிக்கவைக்கப் பார்த்தே. உனக்கு உடம்பு சரியில்லைன்னு உங்க குழுத் தலைவன் கிளாட்ஸ்டன்கிட்ட சொல்லிட்டேன், கிட்டன்ஸ். டார்சி உனக்குப் பதிலா ஆடறான். நீ ரொட்டிக்குத் தேங்காய் துருவு."

துருவினேன். துண்டோடு உட்கார்ந்து மூன்று தேங்காய் துருவினேன். ஒவ்வொரு வருஷமும் அந்த மேசையில் என் நாற்காலியில் நான் இருந்தேன். இன்று அதில் என் சட்டை மட்டும் இருக்கிறது. அழுகையே வந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் கிளாட்ஸ்டன் மூச்சிரைக்க ஓடி வந்தான். நான் ஜன்னலில் தலையை மட்டும் காட்டினேன்.

"தோத்தாச்சா?" என்று கேட்டேன். தோற்றிருந்தால் நல்லது என்று மனசின் ஒரு மூலை சொன்னது. கடவுள் மன்னிக்கட்டும்.

"கோப்பை நம்மளுது, எல்ரிக்!" அவன் கண் கலங்கியிருந்தது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தோளை ஆதரவாகத் தட்டினான். "பதினோரு வருஷமா நாம எதனால தோத்தோம்னு இன்னைக்குத்தான்டா விளங்குச்சு."