ஆட்டுக் கழுத்தின் எல்லைப் போர்

தண்டையார்பேட்டைக் கருப்பட்டி மண்டிக்கு அதிபதி, தராசுமுள் சாயாத தடந்தோளன், நெல்லைச் சீமை விட்டு வந்தும் மீசை முறுக்குத் தளராத வெள்ளத்துரையே, நீ வாழ்க! மசக்கையால் மெலிந்து, சோறு கண்ட இடத்தில் முகந்திருப்பி, ஆட்டுக் கழுத்துக்கறி ஒன்றே வேண்டுமென்று சொல்லிவிட்ட இல்லக்கிழத்தி இசக்கியம்மாளுக்கு அதைக் கொணர்ந்தே தீருவேன் என வஞ்சினம் உரைத்து, நேர்ந்துவிட்ட கிடாவோடு ஆடி ஞாயிறன்று அம்மன் கோயில் வாசலை அடைந்தான் அவ்வீரன். பாவம், முந்தின இரவெல்லாம் அவனுக்கும் உறக்கமில்லை.

அங்கே எதிர்நின்றான் வீச்சரிவாள் வேந்தன் வரதன். கிடா வெட்டுகிறவனுக்குத் தலை என்பது அக்கோயில் வழக்கம். ஆனால் தலை எங்கே முடிகிறது? முன்பரப்பில் தாடையோடு முடிகிறது என்றான் வெள்ளத்துரை. பின்பரப்பில் கொம்படிக்குக் கீழே வழுவழுவென்று தோள்வரை ஓடுகிறதே, அதில் கோடு எங்கே என்று கேட்டான் வரதன். இருபெரு மன்னர்க்கிடையே ஆற்றங்கரை நிலம்போல் அகப்பட்டுக்கொண்ட கிடாவோ வேப்பிலையை மென்றுகொண்டிருந்தது.

“தலைய ஆட்டினா கூட இன்னாலாம் ஆடுதோ, அல்லாம் தலைதான் நைனா,” என முழங்கினான் வரதன். கூடியிருந்தோர் ஆமாம் போட்டனர்.

சினத்தால் கண் சிவந்த வெள்ளத்துரை, தன் ஊர் வெள்ளாடுகளின் குட்டைக் காதை நெஞ்சில் நினைத்து, மூவுலகும் கேட்க ஆணையிட்டான்: “ஏ வரதா, காதப் பின்னால மடக்கிப் பிடி. அது எட்டுத மட்டும் ஒனக்குத் தலை; அதுக்கு அங்கிட்டு எனக்குக் கழுத்து. அம்மன் சாட்சி, இனிப் பேச்சு கிடையாது.”

அந்தோ! சந்தையிலே கிடாவின் விலாவை அமுக்கி, தொடையைத் தட்டி, பல்லைப் பிடித்துப் பார்த்தவன், மாலைக்குள் மறைந்திருந்த காதை மட்டும் பார்த்தானில்லை. வரதன் மாலையை விலக்கினான். வடக்கத்திக் கிடாவின் வாழையிலைக் காது அவன் கையில் விரிந்து, கழுத்தை முற்றும் கடந்து, தோளெலும்பில் போய்ப் படுத்தது. அம்மன் சாட்சியாகச் சொன்ன சொல்லை மீட்க வழியின்றி, தொடையும் விலாவும் ஈரலும் சுமந்த வெற்றுவீரன் வீடு நோக்கி நடந்தான். மனையாள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று உள்ளபடியே கலங்கினான்.

வீட்டில் இசக்கியம்மாள் இல்லை. வரதன் பெண்சாதி கெங்கம்மா கூப்பிட்டதால், அவள் அங்கே கழுத்துக்கறி சாப்பிடப் போயிருந்தாள்.