வெள்ளாட்டுப் பால்கோவாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த மதிப்பெண்

என் மூக்கை நான் நம்புவதில்லை. சில வருடங்களுக்கு முன்னால் அது என்னை நாற்பது பேர் நடுவில் நிற்க வைத்துக் கைவிட்டுவிட்டது. அன்றிலிருந்து நானும் அதுவும் ஒரே முகத்தில் குடியிருக்கிறோமே தவிர, பேச்சுவார்த்தை கிடையாது.

அடுத்த வீட்டில் என்ன மீன் பொரிக்கிறார்கள், அதில் மிளகாய்த்தூள் கொஞ்சம் கூடிவிட்டதா என்பதுவரை என் மூக்கு சொல்லிவிடும். தன்னைச் சுமந்துகொண்டு திரிகிற ஆள்மேல் என்ன வாடை அடிக்கிறது என்பதை மட்டும் சொல்லாது. எல்லோருடைய மூக்கும் இப்படித்தான் என்று பிறகு ஆறுதல் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் வாசனையைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கக் கிளம்புவதில்லையே!

அப்போது நான் பால்பொருள் தயாரிப்பில் ஆராய்ச்சி மாணவி. கீரனூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அத்தா, துணி எடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "எம்மக டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிது" என்பார். எதில் என்று அவர்கள் கேட்டால், "பால்ல" என்பார். அதற்கு மேல் கேட்டால் துணியை மடிக்க ஆரம்பித்துவிடுவார். (ஆட்டுப் பால் என்று சொல்ல அவருக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.)

என் ஆராய்ச்சி வெள்ளாட்டுப் பாலில் பால்கோவா செய்வது. "ஆட்டுப் பாலா, மொச்சை வாடை அடிக்குமே" என்று எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். நான் அந்த ஆடுகளின் வக்கீல். குற்றவாளி பெண் ஆடு இல்லை, கிடாதான் என்பது என் கட்சி. பருவத்துக்கு வந்த கிடா தன் மூத்திரத்தைத் தன் தாடியிலேயே பீய்ச்சிக்கொள்ளும். கொம்புக்குப் பின்னால் வாடை சுரக்கும். அதற்கு அது சென்ட். அந்தத் தலையை எதில் தேய்த்தாலும் வாடை ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் கறக்கிற பாலிலும் ஏறிவிடும். கிடாவை ஐம்பது அடி தள்ளிக் கட்டிவிட்டுக் கறந்து பாருங்கள், பசும்பாலுக்கு இளைத்ததா சொல்லுங்கள் என்று விராலிமலைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வருடம் ஊர் ஊராகப் போய்ப் பேசினேன். மைக் கொடுத்தால் மைக்கில் பேசுவேன், கொடுக்காவிட்டால் அதைவிடச் சத்தமாகப் பேசுவேன்.

அப்படிப் பேசியதை முழுசாக நம்பியவர் ஒரே ஒருவர், செல்லம்மா அக்கா. பன்னிரண்டு ஆடுகளும் துரை என்று ஒரு கிடாவும் வைத்திருந்தார். "கறிக்கி வளக்குற ஆட்டுல கோவா கிண்டப் போறியாக்கும்?" என்று அவருடைய மகளிர் குழுவில் எட்டுப் பேரும் சிரித்தார்கள். அக்கா விடவில்லை. "ஒரு நா தின்னு பாருங்கடி. நல்லால்லேன்னா இந்தப் பேச்சையே விட்டுர்றேன்" என்று வாக்குக் கொடுத்தார். நன்றாக இருந்தால் எட்டு வீட்டுப் பாலையும் சேர்த்துக் கோவா கிண்டி, விராலிமலை ரோட்டோர டீக்கடைகளுக்குப் போடுவதாக ஏற்பாடு.

ருசி பார்க்கும் நாள் குறித்தாயிற்று. இடம் ஆவூர் சமுதாயக்கூடம். குழுப் பெண்கள் எட்டுப் பேர், ஆவூரைச் சேர்ந்த வாத்தியார்கள், விவசாயிகள் என்று மொத்தம் நாற்பது பேர். ஆளுக்கு ஒரு தாள். நிறம், மணம், சுவை, மென்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மதிப்பெண் போட வேண்டும். என் ஆய்வேட்டில் பாதி அந்தத் தாள்களில்தான் இருந்தது. என் கைடு வாசுகி மேடமும் திருச்சியிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். பால் கேனைத் திறந்து ஒரு முறை முகர்ந்து, மாடு என்ன தீவனம் தின்றது என்று சொல்லிவிடக்கூடியவர் அவர். அந்த மூக்குக்கு முன்னால் என் கோவா ஜெயித்தாக வேண்டும்.

எதிலும் பிசகு வரக்கூடாது என்று முதல் நாளே போய்ச் செல்லம்மா அக்கா வீட்டில் தங்கிவிட்டேன். விடிந்ததும் முதல் வேலை துரையைத் தள்ளிக் கட்டுவது. அக்கா கயிற்றோடு வந்தார்.

"நீ அங்கிட்டு நில்லும்மா. அதுக்கு இப்ப பருவம். எங்கிட்ட மட்டுந்தான் அடங்கும்."

"இல்லக்கா, நானே கட்டுறேன். கழுத்துப் பட்டைய இறுக்கிப் புடிச்சா அமைதியா வரும்னு படிச்சிருக்கேன்."

"அது படிக்கலையேம்மா" என்றார் அக்கா.

நான் கேட்கவில்லை. பட்டையைப் பிடித்தேன். துரை அமைதியாகத்தான் வந்தது. பத்தடி வந்ததும் நின்று, என்னை நிதானமாக மேலும் கீழும் பார்த்து, தலையை என் வயிற்றில் வைத்துத் தேய்த்தது. பிறகு தோளில். நான் கீழே குனிந்து முளைக்குச்சியில் கயிற்றைக் கட்டியபோது என் தலைமேல் தாடியை வைத்து ஒரு தடவைக்கு நான்கு தடவை இழுத்தது. "பாத்தீங்களாக்கா, எங்கிட்ட எவ்வளவு பாசமா இருக்கு!" என்றேன். (ஒரு வருடம் நான் ஊரெல்லாம் போய்ச் சொன்ன அதே தாடி. அப்போது அது என் நினைவுக்கு வரவே இல்லை.)

அக்கா சிரிக்கவில்லை. "தலைக்கி ஊத்திக்கிட்டுப் போம்மா. நா பாலக் கறந்து, கோவாவக் கிண்டி, அவுக வண்டியில எடுத்துக்கிட்டு வாரேன்" என்றார். 'அவுக' என்றால் அவர் வீட்டுக்காரர்.

தலைக்கு ஊற்ற எங்கே நேரம்? ஏழரை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று அந்த டிரைவருக்கே தெரியாது. முகம், கை, கால் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவினேன். சுடிதாரை மாற்றாமல், மேலே வெள்ளைக் கோட்டை மாட்டினேன். லேசாக ஏதோ வாடை அடிப்பதுபோல் இருந்ததால், அத்தா கொடுத்திருந்த அத்தரை இரண்டு காதோரமும் கோட்டிலும் தாராளமாகத் தடவிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டது. போய்விட்டது என்று என் மூக்குதான் சொன்னது.

விராலிமலையிலிருந்து ஆவூர் போகிற டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். நான் ஏறியதும் ஜன்னலோர இடம் ஒன்று காலியாயிற்று. உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். பின் சீட்டுக்காரர் எழுந்து படிக்கட்டுக்குப் போனார். அடுத்த ஸ்டாப்புக்குள் என்னைச் சுற்றி மூன்று சீட்டுகள் காலி. பிதுங்குகிற பஸ்ஸில் யாரும் வந்து உட்காரவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு நம் ஜனங்கள் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்து போனேன். கண்டக்டர் கையை முழு நீளத்துக்கு நீட்டி டிக்கெட் கொடுத்தார். அதையும் பணிவு என்றே எடுத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. செல்லம்மா அக்காவும் வீட்டுக்காரரும் மொபெட்டில் தூக்குவாளியோடு வந்து இறங்கினார்கள். கோவா பார்க்கவே அழகாக இருந்தது, வெள்ளை வெளேர் என்று. மேடம் இன்னும் வரவில்லை. வழியில் டயர் பஞ்சர், ஆரம்பித்துவிடு என்று போன் வந்தது.

நான் சிறு உரை ஒன்று ஆற்றினேன். "இந்தப் பாலில் துளிகூட வாடை கிடையாது. நீங்களே முகர்ந்து பார்த்து மார்க் போடுங்க" என்று முடித்தேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் நானே போய், நன்றாகக் குனிந்து, முகத்துக்கு நேராக நீட்டினேன்.

முன் வரிசையில் குழுப் பெண்கள். முதல் பெண் கோவாவை வாய்வரை கொண்டுபோய், முந்தானையால் மூக்கை மூடினார். இரண்டாமவர் என்னைப் பார்த்தார், கோவாவைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார். மூன்றாமவர் செல்லம்மா அக்கா பக்கம் திரும்பி, "ஏன்க்கா, கோவாவத்தான் கிண்டுனியா, கெடாவையே போட்டுக் கிண்டுனியா?" என்று கேட்டேவிட்டார். சிரிப்பு அப்படியே பின் வரிசைவரை போயிற்று.

தாள்களை வாங்கிப் பார்த்தேன். மணம் என்ற கட்டத்தில் ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. ஒருவர் மார்க்கே போடாமல் கொம்பு வரைந்திருந்தார். ஆவூரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மிகவும் மரியாதையானவர், அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'நிறம் நன்று. சுவை நன்று. மணம் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. தங்கள் எதிர்காலத்துக்கு என் ஜெபங்கள்.'

மூன்று வருட உழைப்பு. நான் கோவாவை எடுத்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. செல்லம்மா அக்காவும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார். "எனக்கு நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார். அவர் எட்டுப் பேர் பக்கமும் பார்க்க முடியாமல் நின்றார்.

அடுத்து நான் செய்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அத்தனை பேர் முன்னால், சத்தமாக, "நான் போனதுக்கு அப்புறம் கிடாவ அவுத்து விட்டீங்களாக்கா? உண்மையச் சொல்லுங்க. தள்ளிக் கட்டுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்!" என்று கேட்டேன்.

அக்கா தூக்குவாளியின் மூடியை எடுத்து மெதுவாக மூடினார். அவர் வீட்டுக்காரர்தான், "தாயி, நீங்க கட்டுன எடத்துலதான் அது நிக்கிது. நா சாமி மேல சத்தியம் பண்ணுவேன்" என்றார்.

அந்த நேரம் வாசுகி மேடம் வாசலில் வந்து நின்றார். உள்ளே ஒரு கால் வைத்தவர், அதை எடுத்து மறுபடி வெளியே வைத்தார். பிறகு நேராக வாளியிடம் போய் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார். அப்புறம் என்னை நோக்கி நான்கு எட்டு வந்தார். ஐந்தாவது எட்டு வைக்கவில்லை.

"கோவா பிரமாதமா இருக்கும்மா. வாடை அதுலேர்ந்து வரல."

"பின்ன எங்கேர்ந்து மேடம்?"

"ஒங்கிட்டேர்ந்து."

கூடத்தில் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள் பாருங்கள், எனக்கு ஜெபம் செய்வதாக எழுதிய வாத்தியார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திக்கொள்ளும் என்று மேடம் அங்கேயே எனக்கு வகுப்பு எடுத்தார். அதற்கு மேல் அத்தரும் சேர்ந்து, துரையின் சொந்த வாடையைவிடத் தூக்கலாக ஒரு புது வாடையை நான் தயாரித்திருக்கிறேன் என்றும், பாடத்தில் இதற்குப் பெயர் இல்லை என்றும் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்லம்மா அக்காவிடம் போனேன். மூன்றடி தள்ளியே நின்று, "அக்கா, தப்பு எம்மேல. உங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. எந்தச் சத்தத்தில் பழி போட்டேனோ அந்தச் சத்தத்திலாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் அல்லவா?

அக்கா என்னையே பார்த்தார். "தலைக்கி ஊத்திக்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"எனக்கு எங்குட்டும்மா தெரியப் போகுது? நா அந்த வாடையிலேயே கெடக்குறவ. படிச்ச புள்ள, நீ கழுவியிருப்பன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

முதல் சுற்று செல்லாது என்று மேடம் அறிவித்தார். கூடத்தின் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார்கள். எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். என்னை வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பினார்கள். "எம்புட்டுத் தூரம்மா சொன்ன? அம்பது அடிதான?" என்று அக்காவின் வீட்டுக்காரர் கூடவே வந்து, எட்டு வைத்து அளந்து, நிற்க வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டுப் போனார். நல்ல வேளை, கயிறு கொண்டு வரவில்லை.

அங்கே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்திருந்த செல்லம்மா அக்காதான் தட்டை நீட்டினார். முந்தானையால் மூக்கை மூடிய பெண் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார். மேடம் தாள்களை வாங்கிச் சத்தமாக வாசித்தார். மணத்துக்கு ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது. குழுப் பெண்கள் அங்கேயே பேசி, அடுத்த வாரமே பால் ஊற்றுவதாக முடிவு செய்தார்கள். அவர்கள் கைதட்டியது எனக்கும் கேட்டது. நானும் மரத்தடியில் தனியாகக் கைதட்டினேன். அந்தக் கோவா இன்றைக்கும் விராலிமலை டீக்கடைகளில் கண்ணாடி ஜாடிக்குள் இருக்கிறது.

பட்டமும் வந்தது. ஆய்வேட்டில் ஒரே ஒரு வரியை மேடம் பிடிவாதமாகச் சேர்க்க வைத்தார்: 'மதிப்பீட்டை நடத்துபவர் எவ்வித வாடையும் அற்றவராக இருத்தல் அவசியம்.' வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர், அந்த வரிக்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். மேடம் இருமினார். நான் "கள அனுபவம்" என்றேன்.

வீட்டுக்கு இது தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் கடையில்தான் தீபாவளிக்குத் துணி எடுப்பவர். அதற்கப்புறம் என் தம்பி நவாஸ் விடுவானா? வீட்டில் சாக்கடை அடைத்தாலும், எலி செத்தாலும், மழையில் துணி காயாமல் நாறினாலும், "அக்கா வந்திருக்கா?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

போன மாதம் கீரனூர் வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஏதோ வாடை அடித்தது. நவாஸ் என்னைப் பார்த்தான். அத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்தார். "குளிச்சிட்டு வந்தியா, நேரா ஆட்டுப் பட்டியிலேருந்து வாரியா?" என்று தம்பி ஆரம்பிக்க, கால் மணி நேரம் அந்தக் கதையே ஓடியது. அடுத்த வீட்டுக்காரம்மா வந்து கதவை இடித்து, "ஒங்க வீட்டுல கேஸ் லீக் ஆவுது, யாருக்குமே தெரியலையா?" என்று கத்திய பிறகுதான் அம்மா அலறிக்கொண்டு ஓடி ரெகுலேட்டரை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார்.

மெக்கானிக் வந்து விரிசல் விட்டிருந்த டியூபை எடுத்து எங்கள் எல்லோரிடமும் காட்டினார். புது டியூப் மாட்டி, சோப்பு நுரை வைத்துச் சோதித்துப் பார்த்து, இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எதுக்கும் நீயும் ஒரு தடவ தலைக்கி ஊத்திக்கிட்டு வந்துரும்மா" என்றார்.