கற்பூரம் காட்டிய கண்ணாடி

ஆராய்ச்சி மாணவிக்குப் பக்தி முற்றும் பருவம் ஒன்று உண்டு. உதவித்தொகை முடியப்போகிற வருடம்தான் அது. எனக்கு அது வந்தது இரண்டாயிரங்களின் கடைசியில், தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில்.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கண்ணாடித் துண்டின் மேல் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசாகக் கரி பூச வேண்டும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது முத்தாக நிற்கிறதா, சப்பையாகப் படர்கிறதா என்று பக்கவாட்டில் படமெடுக்க வேண்டும். (இதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சே என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி.) கரி பூசினால் தண்ணீர் ஒட்டாது என்று நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்லியிருந்தேன். தண்ணீரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வெறும் கண்ணாடியில் எப்படிப் படர்ந்ததோ, கரி பூசியதிலும் அப்படியே படர்ந்தது. அங்கே கரி என்று ஒன்று இருப்பதையே அது மதிக்கவில்லை.

"தீபாவளிக்குள்ள ஏதாவது ஒரு வித்தியாசம் காட்டும்மா. இல்லேன்னா இந்த டாபிக்கை மூட்டை கட்டிடலாம்" என்றார் என் கைடு. கட்டினால் இத்தனை வருட உழைப்பும் போச்சு. வீட்டில் மாப்பிள்ளை ஜாதகங்கள் வேறு தயாராக இருந்தன.

இடையில் ஆயுத பூஜை வந்தது. ஆய்வகத்தில் எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. கற்பூரத் தட்டு என் கையில். கரி பூசிய துண்டுகள் கொடியில் காயும் துணி மாதிரி கிளிப்பில் தொங்கின. மற்றதற்கெல்லாம் ஒப்புக்கு ஒரு சுற்று. கடைசித் துண்டின் அடியில் மட்டும் தட்டை நிறுத்தி, கண்ணை மூடி, மனமுருகி வேண்டினேன். "முருகா, இது ஒண்ணாவது ஒட்டாம இருக்கட்டும். குன்றத்தூருக்கு வந்து மொட்டை போடறேன்." (என் தம்பிக்கு.)

விடுமுறை முடிந்து வந்து அதில் சொட்டு விட்டேன். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடியே போய்விட்டது! துண்டு லேசாகக் கறுத்திருந்தது. இதில்தான் கரி ஒழுங்காகப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கைடு துள்ளிக் குதித்தார். அந்த வாரமே ஒரு பெரிய விஞ்ஞானியை அழைத்து வந்துவிட்டார்.

அவர் முன்னாலும் சொட்டு உருண்டது. "பேஷ். இன்னொரு பீஸ்ல காட்டுங்க" என்றார். காட்டினேன். சப்பென்று படர்ந்தது. இன்னொன்று. அதுவும் படர்ந்தது. அவர் முதல் துண்டை எடுத்து விரலால் ஒரு தேய் தேய்த்தார். விரல் நுனியில் கண் மை மாதிரி கறுப்பு.

"இங்க பூஜை போட்டீங்களாம்மா?"

"போட்டோம் சார்."

"கற்பூரம் எங்க காட்டினீங்க?"

நான் அப்போதும் அப்பாவியாக அந்தக் கிளிப்பின் அடியைத் தொட்டுக் காட்டினேன்.

"இது உங்க கரி இல்லம்மா, கற்பூரப் புகை. எங்க வீட்டு பூஜை ரூம் சுவத்துலகூடத் தண்ணி ஒட்டாது!"

கைடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாபிக் அன்றே மூட்டை கட்டப்பட்டது.

சில வருடம் கழித்து வெளிநாட்டில் யாரோ கண்டுபிடித்தார்கள்: அவ்வளவு மெல்லிய கரிப் படலத்தைத் தண்ணீர் கண்டுகொள்வதில்லை, அடியில் இருக்கும் பொருளைப் பார்த்தே நடந்துகொள்கிறது என்று. அதாவது, நான் தினமும் பார்த்து அழுதது. கையில் கிடைத்த விடையை மாற்றித் தரச் சொல்லி சாமியிடம் கெஞ்சியிருக்கிறேன்.

எங்கள் வீடு பள்ளிக்கரணையில். ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் படியேறும்போதெல்லாம், செங்கல் மேல் பிரிட்ஜைத் தூக்கி வைத்தபடியே தம்பி ஆரம்பித்துவிடுவான்.

"அக்கா, வாசல்ல கொஞ்சம் கற்பூரம் காட்டேன். தண்ணி ஒட்டாம ஓடிடும்."

"மொட்டை பாக்கி இருக்குடா உனக்கு" என்பேன்.

ஒரு மழைக்கு அம்மா நிஜமாகவே காட்டினாள். தண்ணீர் அவளையும் மதிக்கவில்லை. கூடம் முழுக்கப் படர்ந்தது.