மூன்று காப்பியிலும் திருத்தப்பட்ட வீடு

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். மூன்று எண்களைக் கூட்டிப் பார்க்காமல் ஐந்து மாதம் பெண்டாட்டி பிள்ளையைப் பிரிந்து கிடந்தவனும் நான்தான். (இரண்டும் ஒரே ஆள் என்றால் என் பழைய மாணவர்கள் உடனே நம்புவார்கள். அப்படி ஒரு மதிப்பு.)

அப்போது எனக்குக் கல்வராயன் மலையில் வேலை. மனைவி பிரசவத்துக்காக எலவனாசூர்கோட்டையில் தாய்வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியும் மாமனார் அனுப்பவில்லை.

"வூடு கட்டறேன் கட்டறேன்னு ரெண்டு வருசமா சொல்லிக்கினு இருக்கீங்க மாப்ள," என்றார். "அப்ரூவல் வாங்கி கடக்கால் போடுங்க. அன்னிக்கே ரெண்டு பேரையும் அனுப்பி வெக்கிறேன். அப்ரூவல் இல்லாம கட்டுன என் சொவுர ஆபீஸ்காரங்க இடிச்சது போதும்."

அஸ்திவாரம் போட ஆவணியின் கடைசி முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. அதை விட்டால் புரட்டாசியில் வீட்டு வேலை தொடங்கமாட்டார்கள். அப்புறம் இரண்டு மாதம் மழை, அதற்குப் பின் மார்கழி. தை வரை காத்திருக்க வேண்டும். நான் மாமனார் வீட்டிலிருந்து பிளானோடு கிளம்பியது புதன்கிழமை.

இடஒதுக்கீடு கேட்டு மறியல்கள் நடந்த வருடங்கள் அவை. பஸ் ஓடுமா என்பது அன்றன்று காலையில்தான் தெரியும். அன்று ஓடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு மிதித்தேன். தியாகதுருகம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"கையில இன்னாது?"

"வூட்டு பிளானுங்க. அப்ரூவலுக்கு."

"ரோடு அளக்குற ஆளா நீ?"

"வாத்தியாருங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பிளானை வாங்கி மரத்தின்மேல் விரித்தார்கள். காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது. கூட்டத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார். மனையடி சாஸ்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எத்தனை அடி அறைக்கு என்ன பலன் என்று விரல் வைத்துச் சொன்னார்.

"கூடம் பதிமூணு அடியா? எதிரி ஜாஸ்தி ஆவான் வாத்தியாரே. யாரு போட்டது இத?"

"இன்ஜினியருங்க. விழுப்புரத்துல."

"அவருக்கு இன்னா, அவரா குடியிருக்கப் போறாரு?"

காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஒன்பதடி முன்னறை பத்தானது. ஏழடி சமையலறை எட்டானது. கூடத்துக்குப் பதினாறு போதும் என்றார் மேஸ்திரி. இருபதுதான் வம்சம் தழைக்கும் என்றார் இன்னொருவர். அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்து இருபது ஜெயித்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. சொன்னால் விடமாட்டார்களோ என்ற பயம் ஒருபக்கம், கூடத்தில் எதிரி வந்துவிடுவானோ என்ற பயம் மறுபக்கம். (பின்னது கொஞ்சம் அதிகம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.) மேஸ்திரி பொறுப்பான மனிதர். மூன்று காப்பியிலும் திருத்திக் கொடுத்தார். நான்கு பேர் சேர்ந்து சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் அப்ரூவல் ஆபீசில் ஓவர்சியர் ஒருவர்தான் இருந்தார். அவரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு உட்கார்ந்தார். பிளானைப் பார்த்தார். பென்சிலை எடுத்து ஓரத்தில் ஏதோ கூட்டினார். மறுபடியும் கூட்டினார்.

"சார் இன்னா வேல பாக்கறீங்க?"

"கணக்கு வாத்தியாருங்க."

அவர் மூன்றாவது தடவையும் கூட்டினார்.

"மூணு ரூமும் ஒரே வரிசை, ஒம்பது அடி ஜாஸ்தி ஆயிருக்கு சார். முன்னால வுட வேண்டிய நாலடி அதுல போயிடுச்சி. மீதி அஞ்சடி ரோட்ல நிக்குது." கண்ணாடியைக் கழற்றினார். "வெளிய மரத்த போட்டு மறிச்சிக்கினு இருக்காங்க. அவங்களாவது நாளைக்கு எடுத்துடுவாங்க. நீங்க செங்கல் வெச்சி நிரந்தரமா மறிக்கப் பாக்கறீங்களே."

சிரிக்க வேண்டிய இடம் அது. நானோ வெள்ளிக்கிழமை முகூர்த்தம், மூன்று மாதக் குழந்தை, மாமனார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் நல்ல மனிதர், முழுவதும் கேட்டார். ஆனாலும் திருத்திய பிளானில் சீல் போட முடியாது என்றார். இன்ஜினியர் புதிதாக வரைந்து கையெழுத்துப் போட வேண்டும். விழுப்புரத்துக்கு அன்றும் மறுநாளும் பஸ் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

தையில் கடக்கால் போட்டோம். கூடம் அதே பதிமூன்றடி. என் மகள் குப்புற விழுந்ததும் தவழ்ந்ததும் மாமனார் வீட்டுக் கூடத்தில்தான். இரண்டும் எனக்குத் தபாலில் வந்த சேதிகள். அந்தக் கார்டுகளை இன்றைக்கும் சிரித்துக்கொண்டு என்னால் படிக்க முடியாது.

மனைவிக்கு அந்தச் சிரமம் இல்லை. போன மாதம் மகளும் மாப்பிள்ளையும் வீடு கட்ட பிளான் கொண்டுவந்தார்கள். ஆசையாகக் கையை நீட்டினேன். அவள் நடுவில் புகுந்து வாங்கி மகளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அப்பாகிட்ட அப்ரூவல் வந்தப்புறம் காட்டு," என்றாள். "அவரு வூட்டையே மறியலுக்கு அனுப்புனவரு."