நான் போடாமல் விட்ட மைனஸ் குறி

குரங்கு கையில் பூமாலை என்பார்கள். பூமாலை பிய்ந்தால் நஷ்டம் பூமாலைக்கு மட்டும்தான். 1991-இல் என் கையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். பிய்ந்து போகப் பார்த்தது என் அக்காவின் கல்யாணம். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் காது மடல் சூடாகிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. குன்றத்தூர் வீட்டில் அம்மா, மலர் அக்கா, நான் என்று மூன்று பேர். எனக்கு ஏழு வயதாகும்போதே அப்பா போய்விட்டார். பூந்தமல்லியில் ஸ்டீபன் அண்ணன் நடத்திய வீடியோ ஸ்டுடியோவில் எனக்கு வேலை. கல்யாண வீடுகளில் லைட் பிடிப்பவனாகச் சேர்ந்தேன் (லைட் பிடிப்பவனுக்குக் கடைசிப் பந்திதான்). அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்ததும், அதன் முன்னால் உட்காரும் பதவிக்கு உயர்ந்தேன். முப்பரிமாணத்தில் கோடுகளையும் உருவங்களையும் வரைந்து அசைய வைக்கும் சாஃப்ட்வேர் அதில் இருந்தது. கூட வந்த புத்தகத்தைப் பாதி படித்தேன். மீதிப் பாதி தேவையில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். தெருவில் எதிரே வருகிறவர்கள்கூட எனக்கு வெறும் கம்பிக்கூடுகளாகத் தெரிந்தார்கள். நினைத்தால் சுழற்றிவிடலாம் என்று ஒரு திமிர்.

அக்காவுக்கு இருபத்தேழு. வந்த வரன்கள் எல்லாம் காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி. கடைசியாக மண்ணூரில் ஒரு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை தனபால், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அவருடைய அப்பா ஏகாம்பரம் மாமா நெல் போடுகிறவர். மாமாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்ததும் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அந்த அறுபதாம் கல்யாணம் எங்கள் குன்றத்தூர் மலைக்கோயிலில் நடந்தது. வீடியோ எங்கள் ஸ்டுடியோ. டைட்டில் போடும் பொறுப்பை யாரும் கேட்காமலே நான் ஏற்றுக்கொண்டேன்.

"சும்மா பேரு போட்டா போதும்டா. அலட்டாத," என்றாள் அக்கா.

நான் கேட்கவில்லை.

அறுபதாம் கல்யாணம் என்றால் கலசம். அந்த சாஃப்ட்வேரில் சுலபமாகச் செய்ய முடிந்ததும் அதுதான். குடத்தின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் கோடாக வரைந்து, நடுவில் ஓர் அச்சை வைத்துச் சுழற்றினால் முழுக்குடம் வந்து நிற்கும். மேலே மாவிலையும் தேங்காயும் வைத்தேன். கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டது. இரண்டையும் எடுத்துவிட்டேன். தங்க நிறம் கேட்டேன். அதனிடம் இருந்த சொற்ப நிறங்களில் செங்கல் நிறம்தான் கிடைத்தது. குடத்தின் வயிற்றில் சில சதுரங்கள் எப்படியோ விடுபட்டு மூன்று ஓட்டைகள் விழுந்தன. (புத்தகத்தின் படிக்காத பாதியில் அதற்கு வைத்தியம் இருந்திருக்கும்.) நான் அதையே ஓர் அழகாக்கினேன். ஓட்டைகளிலிருந்து ஒளி வருவதுபோல் வெளிர்நீலக் கோடுகளை வளைத்துக் கீழே இறக்கினேன். மாமாவின் போட்டோவை நிற்க வைத்தால் சுற்றும் குடம் அதன் பின்னால் மறைந்தது. அதனால் போட்டோவைத் தரையில் படுக்க வைத்தேன். அத்தையின் போட்டோவுக்கு இடம் போதவில்லை. குடம் மாமாவை மட்டும் மூன்று முறை சுற்றும். பிறகு வெடித்துச் சிதறும். சில்லுகள் ஒன்றுசேர்ந்து 'ஏகாம்பரம்' என்ற பெயராகும். இதுதான் என் கற்பனை.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று ஒரு கேள்வி வந்தது. 360 என்று கொடுத்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். மைனஸ் 360 என்றால் முள் போகும் திசை. மங்களகரமான காரியத்தில் மைனஸ் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இருபது விநாடிக் காட்சியை வரைந்து முடிக்கக் கம்ப்யூட்டருக்கு நாலு நாள் ஆனது. ஸ்டீபன் அண்ணன் பார்த்துவிட்டு, "சூப்பர்பா" என்றார். (அவர் சர்ச்சுக்குப் போகிறவர். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.)

ஞாயிற்றுக்கிழமை மதியம், மண்ணூரில் மாமா வீட்டில் விருந்து வைத்து கேசட் போட்டார்கள். வாடகை டி.வி., வாடகை டெக், நாற்பது சொந்தக்காரர்கள். முதல் நாற்காலியில் மாமா. பக்கத்தில் அவருடைய அக்கா ராஜம்மா. அந்தக் குடும்பத்தில் கடைசிச் சொல் அவருடையது. அம்மா பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். நான் எல்லோரும் என்னையும் சேர்த்துப் பார்க்க வசதியாக டெக் பக்கத்தில் நின்றேன்.

முதல் சுற்றில் பிள்ளைகள் கை தட்டினார்கள். இரண்டாவது சுற்றில் சத்தம் அடங்கியது. மெய்ம்மறந்து பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது சுற்று முடிந்து குடம் வெடித்தது. பின் வரிசையில் அரைத்தூக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில், "திரும்பிப் பாக்காம வாங்கப்பா" என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஓர் அடி முன்னால் வந்து, "எல்லாம் நானே செஞ்சது. இன்னொரு வாட்டி போடட்டுமா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்படும் வாக்கியம் அது ஒன்றுதான்.

அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மண் குடம். மூன்று ஓட்டை. ஒழுகும் தண்ணீர். படுத்திருக்கும் மனிதர். கோயிலில் வலம் வருவதற்கு நேர் எதிராக, இடமாக மூன்று சுற்று. கடைசியில் குடத்தைப் போட்டு உடைப்பது. சுடுகாட்டில் கொள்ளி வைக்கும் முன் பிள்ளை செய்கிற சடங்கை, ஒன்று விடாமல், எதிரே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு நான் கலரில் செய்து முடித்திருந்தேன்.

ராஜம்மா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "பொண்ணு குடுக்க வந்தியா, கொடம் ஒடைக்க வந்தியா?"

"அறியாப் பையன் அண்ணி. தெரியாம..."

"இன்னா தெரியாம? அப்பனுக்குக் கொடம் தூக்குன புள்ளதான இது?"

மாமா மட்டும் மெதுவாக ஒரு பீடியை எடுத்துக்கொண்டே, "மூணு சுத்தும் கரீட்டா சுத்திக்கிறான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ராஜம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "ஆறு மாசம் போவட்டும். எந்தம்பி நல்லா இருந்தான்னா அப்பால நிச்சயத்தப் பத்திப் பேசலாம்."

வீட்டு வாசலில் அக்கா காத்திருந்தாள். "எப்படிடா இருந்துச்சு?"

அம்மா உள்ளே போய்விட்டாள். நான்தான் சொன்னேன். அக்கா கேட்டது ஒன்றுதான்.

"அப்பாவுக்கு நீ சுத்துனது உனக்கு ஞாபகமே இல்லையா?"

"முதுகுல தண்ணி ஒழுகுனது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. ஜில்லுனு இருந்துச்சு."

அக்கா உள்ளே போய்ச் சோறு போட்டு வைத்தாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

அன்றிலிருந்து ஏகாம்பரம் மாமாவின் உடம்பு எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. ஞாயிறுதோறும் அம்மா என்னை பஸ் ஏற்றி மண்ணூருக்கு அனுப்புவாள். கையில் கொய்யாவோ முருங்கைக்கீரையோ இருக்கும். உண்மையான வேலை, அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு வருவது. மூன்றாவது வாரமே அவர் கண்டுபிடித்துவிட்டார். நான் தெருமுனையில் திரும்பும்போதே கட்டிலில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்குவார். என் முகம் வெளுப்பதை ஆசை தீரப் பார்த்துவிட்டு எழுந்து உட்காருவார்.

"இன்னாபா, கீறனான்னு பாக்க வந்தியா? கீறேன்னு உங்கம்மாவாண்ட சொல்லு."

"இல்ல மாமா, கொய்யா..."

"அத்த அங்க வெச்சிட்டு ஏணியப் புடி."

மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஓலை மாற்ற ஏறுவார். அவர் விழுந்தால் அக்காவின் கல்யாணமும் சேர்ந்து விழும். அந்த ஏணியைப் பிடித்த பக்தியோடு நான் எந்தத் தேர்வடத்தையும் பிடித்ததில்லை. பீடி வேறு. பிடுங்கவும் முடியாது, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாது. கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் என்று சேதி வந்ததும், அம்மா மலைக்கோயிலுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள். (யாருடைய தலை என்று நான் கேட்கவில்லை.) அத்தனை மாதத்திலும் அக்கா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நிச்சயத்துக்கு எடுத்த புடவை மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

மாமா பிழைத்துக்கொண்டார். தையில் நிச்சயம், மாசியில் கல்யாணம். மொட்டைத் தலையோடு மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டேன். அந்த வீடியோவுக்கு டைட்டிலை ஒரு பெயின்டர் அட்டையில் எழுதினார்.

செத்ததாகச் சேதி பரவினால் ஆயுசு கெட்டி என்பார்கள். மாமா எண்பத்தெட்டு வயது வரை இருந்தார். ஊசி போட வந்த நர்சிடம்கூட, "எனக்கு அப்பவே ஆயிடுச்சும்மா, கம்ப்யூட்டர்ல. இன்னும் இன்னாத்துக்கு ஊசி?" என்பார். அந்த வீட்டில் ஆரத்தித் தட்டை எடுத்தாலும் சரி, பூசணிக்காயைச் சுற்றினாலும் சரி, யாருக்காவது திசை சந்தேகம் வந்தால் ஒரே பதில்தான்: "ரவியக் கேளு, அவன் சொல்றதுக்கு எதிர்ப்பக்கமா சுத்து." அக்காவின் பிள்ளைகள் பேசத் தொடங்கியபோதே இதையும் கற்றுக்கொண்டார்கள்.

மாமா உண்மையாகவே போன அன்று, தனபால் மூத்த பிள்ளையாகத் தலையை மழித்துக்கொண்டு, தோளில் குடத்தோடு நின்றார். ஓர் அடி எடுத்து வைத்தவர் நின்றுவிட்டார். அழுது வீங்கிய கண்ணால் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"மச்சான், எந்தப் பக்கம்?"

அவருக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சுடுகாடே என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரோ துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இன்னொருவருக்குத் தோள் குலுங்கியது. எனக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. தலையை நிமிர்த்தாமல், ஒரு விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினேன். 360. மைனஸ் இல்லாமல்.

அந்தக் குடும்பத்தில் முதல் முறையாக, நான் சொன்ன பக்கமே சுற்றினார்கள்.