சிங்கப்பூரில் ஒரு வாளி சாம்பார்

பயந்தவனுக்கு வெளிநாடு ஆகாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட பயந்தவனுக்கு அறவே ஆகாது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் கலா, கூட வேலை செய்யும் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையனைப் பெற்றவர்கள் போடியிலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். "நேர்ல வந்து பேசுங்கப்பா. அவுகளுக்குப் பிடிச்சாத்தான் மேற்கொண்டு பேச்சு" என்றாள். நானோ ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் மேகம் கறுத்தாலே குலசாமியைக் கூப்பிடுகிற ஆள். (பழம் வெடித்துவிடுமே!) விமானம் ஏறுவதற்குள் பாஸ்போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அதன் அட்டையே சாயம் போய்விட்டது.

சந்திப்புக்கு மகள் ஏதோ பெரிய ஓட்டலைச் சொன்னாள். அங்கே என்ன போடுவார்களோ, அதை எந்தக் கரண்டியால் தின்ன வேண்டுமோ? தேனியில் கிளை வைத்திருக்கும் சைவ ஓட்டல் அங்கேயும் இருப்பது தெரிந்ததும் ஒற்றைக் காலில் நின்றேன். "அங்கனன்னா எனக்கு எல்லாம் அத்துப்படி. இடம் பிடிக்கிறது என் பொறுப்பு."

மேசைக்கு மகள் முன்னாலேயே போனில் சொல்லி வைத்திருந்தாள். போனில் சொன்னால் நாற்காலி காலியாகுமா? நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மகளும் என் மனைவி செல்வியும் அவர்களை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போனார்கள். பையனுக்கு அன்று வேலை. நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டோடு ஓட்டலுக்குள் போனேன். பாயசத்துக்கு வந்துவிட்ட மேசையாகப் பார்த்து, சாப்பிடுகிற ஒரு சீனரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். தேனியில் அப்படித்தான் இடம் பிடிப்போம்.

அவர் திரும்பிப் பார்த்தார். காலி டம்ளரை நீட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மறுத்தால் போலீசைக் கூப்பிடுவாரோ? "எஸ்" என்று தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அப்புறம்தான் கவனித்தேன். தேனியில் நீலப் பேண்ட்டில் பரிமாறுகிறார்களே, அந்த வேலைக்காரர்கள் இங்கே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு!

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "புதுசாண்ணே? சும்மா நிக்காதீங்க. இந்த வரிசை உங்களோடது!" வாளியைக் கையில் திணித்துவிட்டுப் போயே போய்விட்டார்.

"இல்ல, நான் வந்து..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஒரு அம்மா கை தட்டினார். "இங்க சாம்பார்!"

எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் வாளி தூக்காத ஆம்பளை கிடையாது. கை தானாக வேலை செய்தது. "சாம்பாரு, சாம்பாரு..." சிங்கப்பூரில் இறங்கியதிலிருந்து கூடவே வந்த பயம் அப்போதுதான் விட்டது. பந்தியில் பரிமாறுகிறவன் இலையைப் பார்ப்பானே தவிர முகத்தைப் பார்க்க மாட்டான். நானும் அப்படியே ஊற்றிக்கொண்டு போனேன். ஒரு மேசையில் முதல் இலையில் ஊற்றும்போதே குறுக்கே ஒரு கை வந்தது.

"போதும்ங்க."

கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் கேட்கிற "போதும்ங்க." நிமிர்ந்தேன். செல்வி! பக்கத்தில் மகள். எதிரே பட்டுச் சேலையில் ஒரு அம்மாவும், கண்ணாடி போட்ட ஒருவரும். நான் கை கழுவப் போயிருப்பதாக நினைத்து உட்கார்ந்துவிட்டார்களாம்.

"அப்பா!" என்றாள் மகள். அந்தக் குரலிலேயே கல்யாணம் நின்று போயிருந்தது.

"இவுகதான் திராட்சைத் தோட்டக்காரகளா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

செல்வி இலையைப் பார்த்தே பதில் சொன்னாள். "இல்லன்னா நம்பவா போறீக?"

ஏதாவது பேசி மகள் வாழ்க்கையைக் காப்பாற்ற வேண்டும். என் வாயில் வந்தது இதுதான்: "முருங்கைக்காய் அடியில கிடக்கு. போடட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

"போடுங்க சம்மந்தி."

சம்மந்தி! (வாளி நழுவாதது குலசாமி புண்ணியம்.)

கல்யாணம் சின்னமனூரில் நடந்தது. கடைசிப் பந்தியில் நான் உட்கார்ந்ததும் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பினால் சம்மந்தி, கையில் வாளியோடு. "வெரசாச் சாப்பிடுங்க, இடம் வேணும்" என்றார். பந்தியே சிரித்தது.

இன்றுவரை எங்கள் வீட்டில் சாம்பார்க் கரண்டியை என்னைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் மருமகன் தட்டை மட்டும் நீட்டுவார்: "மாமா, இந்த வரிசை உங்களோடது."