ஒரு நாள் குறைய

பெப்ரவரி பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. வெளியே மைனஸ் இருபத்திரண்டு பாகை, பொடிப்பனி. அந்த நிமிடத்தில்தான் மொன்றியல் நீதிமன்றத்தில், அப்பீல் என்று நாங்கள் கூப்பிடும் மனிதருக்கு ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பாயிற்று. உலகத்தில் எந்தத் தீர்ப்பையும் ஒப்புக்கொள்ளாத மனிதர், அதற்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்பீல் எனக்கு மேல்மாடியில் இருப்பவர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். பார்க்கிங் தண்டத்துக்கு அப்பீல், நூலகத் தண்டத்துக்கு அப்பீல். ஜான்-டலோன் சந்தையில் பாகற்காய் ஐம்பது கிராம் குறைகிறது என்று மூன்று தராசுகளில் நிறுக்க வைத்தார். மூன்றாவதில் அறுபது குறைந்தது. அதற்கும் அப்பீல். குடியுரிமைப் பத்திரத்தில் தன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று திருப்பி அனுப்பி, இருபத்தாறு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஆகவே சத்தியப்பிரமாணமும் எடுக்கவில்லை, இன்னும் பிரஜை அல்ல.

முந்தைய மாரியில் அவர் இரண்டு மணித்தியாலம் பனி அள்ளி ஒதுக்கிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை விட்டார். அந்த ஒருமுறை மட்டும் அப்பீல் கடிதம் எழுதவில்லை. கையிலிருந்த பனி அள்ளும் சவளால் அடித்துவிட்டார். அந்த மனிதருக்கு முழங்கை முறிந்தது.

அப்பீலின் சட்டத்தரணி அம்மா எனக்கு விளங்கப்படுத்தினார். பிரஜை அல்லாதவருக்கு ஆறு மாதம் என்றால் நாடு கடத்துவார்கள். அதை எதிர்த்து அப்பீல் செய்ய உரிமை இல்லை. ஒரு நாள் குறைந்தாலும் உரிமை உண்டு. தண்டனையைக் குறைக்கக் கேட்க முப்பது நாள் தவணை. இதைச் சொல்லப் போனபோது அப்பீல் காதைப் பொத்திக்கொண்டாராம்.

நான் கலண்டரில் நாளுக்கொரு கோடு கிழித்தேன். கண்ணை மூடினால் விமானச் சத்தம். இருபத்தேழாம் நாள் சிறைக்குப் போனேன். இடையில் கண்ணாடி, காதில் தொலைபேசி.

"நான் அடிச்சது உண்மை, மாஸ்டர். அந்த மனிசன் இன்னும் கரண்டி பிடிக்கேலாமல் இருக்கிறான். இதுக்கு என்னெண்டு அப்பீல் போடுறது?"

"குற்றத்துக்கு இல்லை ஐசே, தண்டனைக்கு. ஒரு நாள் குறைக்கச் சொல்லிக் கேளும்."

"ஒரு நாளுக்கோ?"

"பாகற்காய் ஐம்பது கிராமுக்குப் போட்டனீர்."

"அது கடைக்காரன்ர பிழை. இது என்ர பிழை."

"உம்மை நாட்டை விட்டு அனுப்பிப்போடுவாங்கள்."

"போறன்."

"அதுக்கு அப்பீலே இல்லையாம்."

அவர் முகம் வெளிறியது. "இல்லையோ?" என்று மூன்று தரம் கேட்டார். "அதெப்பிடி இல்லாமல் போகும்? பேனையைத் தாரும்."

பேனை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தது. மறுநாள் சட்டத்தரணி கையெழுத்து வாங்கினார். அதற்கடுத்த நாள் தாக்கல் செய்தார். மூன்று நீதிபதிகள் பார்த்து, ஆறு மாதத்தில் ஒரு நாள் குறைத்தார்கள்.

இப்போது நாடு கடத்தலுக்கு எதிரான அப்பீல் நடக்கிறது. சிறை முடிந்து வந்துவிட்டார்; மேலே நாள் முழுதும் தட்டச்சுச் சத்தம். அது கொஞ்சம் நின்றாலும் எழுந்துபோய்க் கதவைத் தட்டுகிறேன்.

போன கிழமை கேட்டார்: "என்னால உமக்கு எவ்வளவு செலவு, மாஸ்டர்?"

"இருபத்தொன்பது இரவு நித்திரை."

"பிழை. நான் கையெழுத்து வைச்ச இரவு நீர் நித்திரை கொண்டிருப்பீர். ஒரு நாளைக் குறையும்."

கலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அப்பீல் வென்றுவிட்டார். இருபத்தெட்டு.